வேர்முடிச்சும் கந்தகமும்: சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்ட பயத்தங்காய்க் கொடி வெளிறிக் கிடக்கிறது. வேரில் முடிச்சு நிறைய இருக்கிறது. கந்தகம் போடலாமா?

முதலில் முடிச்சை அறுத்துப் பாருங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியா வாழும் இடம் அது. விதைத்த 4 முதல் 5 வாரத்தில், செடியை இழுத்துப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, நீரில் அலசுங்கள். நல்ல முடிச்சு விரலால் தேய்த்தால் உதிரும். உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழுத் தாக்குதல், எந்த உரமும் உதவாது. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் செய்யவில்லை. காய்ப்பு முடிந்தபின் தெரியும் பச்சையும் பழுப்பும் முதுமையின் நிறம், அதற்குக் கவலை வேண்டாம்.

அடுத்து இலை. அடியிலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கொழுந்து முதலில் வெளிறினால் கந்தகக் குறை. ஆனால் அவரைக் குடும்பத்தில் இரண்டும் ஒன்றாகவே வரும், ஏனென்றால் கந்தகம் குறைந்தால் தழைச்சத்துப் பிடிப்பும் குறைகிறது. நம் வட்டாரத்துப் புளிப்பு மண்ணில் நான் முதலில் சந்தேகிப்பது கந்தகத்தையல்ல, தழைச்சத்துப் பிடிப்புக்குத் தேவையான நுண்சத்தான மாலிப்டினத்தை. மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5-க்குக் கீழே போனால் அது வேருக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. ஜிஎம்எல் எனப்படும் மக்னீசியச் சுண்ணாம்புக்கல் மாவைச் சதுர மீட்டருக்கு 200 கிராம் வீதம், விதைக்க 3 வாரம் முன்பே கொத்திக் கலந்துவிடுங்கள்.

பாக்டீரியாவின் கந்தக மரபணுக்கள் முடிச்சுக்கு ஏன் தேவை? (படிவம் 6 மாணவி)

இரண்டு இடங்களில் தேவைப்படுகின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, வேரின் கதவைத் தட்டும்போது. குதிரை மசாலில் முடிச்சிடும் சைனோரைசோபியம் மெலிலோட்டி என்ற பாக்டீரியா, நாட்பி, நாட்கியூ மரபணுக்களால் கந்தகச் சேர்மமான சல்பேட்டைச் செயலூக்கப்பட்ட வடிவுக்கு மாற்றுகிறது. நாட்எச் மரபணு தரும் நொதி அந்தச் சல்பேட்டை முடிச்சைத் தூண்டும் சர்க்கரைச் சேர்மத்தில் ஒட்டுகிறது. நாட்எச் பழுதானால் குதிரை மசாலில் முடிச்சு வராது. அந்தப் பாக்டீரியா வேறொரு செடியான வெட்ச்சின் வேரில் முடிச்சிடத் தொடங்குகிறது. ஒரு சல்பேட் யாருடைய வேர் என்பதையே தீர்மானிக்கிறது! சோயாவில் வாழும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா அந்த இடத்தில் சல்பேட்டை வைப்பதில்லை, ஃபியூக்கோஸ் வகைச் சர்க்கரையை வைக்கிறது.

இரண்டாவது தேவை எல்லா இனத்துக்கும் உண்டு. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதியான நைட்ரஜனேஸின் மையத்தில் 7 இரும்பு, 1 மாலிப்டினம், 9 கந்தக அணுக்கள் இருக்கின்றன. இத்தகைய இரும்பு-கந்தகக் கொத்துகளுக்காக நிஃப்எஸ் நொதி சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கந்தகத்தைப் பிரிக்கிறது, நிஃப்யூ என்ற புரதம் அதைத் தாங்கிக் கொத்தாகக் கட்டுகிறது. முடிச்சுக்குள் சல்பேட்டை அனுப்பும் வேலை செடியுடையது. அவரைக் குடும்பத்து லோட்டஸ் ஜப்பானிக்கஸ் செடியில் அதற்கான எஸ்எஸ்டி1 என்ற கடத்திப் புரதம் பழுதானால் முடிச்சு உருவாகும், ஆனால் தழைச்சத்துப் பிடிக்காது. முடிச்சை எண்ணாமல் அறுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எந்தக் கந்தக உரம், எவ்வளவு?

ஜிப்சம். அதில் சுமார் 18% கந்தகம், மண்ணை மேலும் புளிக்க வைக்காது. சதுர மீட்டருக்கு 11 கிராம் போட்டால் ஹெக்டேருக்கு 20 கிலோ கந்தகம் என்ற கணக்குக்கு வரும். அள்ளிப் போடாதீர்கள்: சல்பேட் மிகுந்தால் வேர் மாலிப்டினத்தை எடுப்பது தடைபடும். அமோனியம் சல்பேட்டில் 24% கந்தகம் உண்டு, ஆனால் அதன் தழைச்சத்து முடிச்சை அடக்கி, மண்ணையும் புளிக்க வைக்கும். கந்தகத் தூளும் நம் மண்ணுக்கு ஆகாது, அமிலமாகிவிடும்.

செம்பனை மறுநடவில் மண்ணை மூடிப் படரும் மூடுகொடி போட்டோம். அந்த புயேரேரியா விதையை அமிலத்தில் ஊறவைத்து, முடிச்சுப் பாக்டீரியாவான ரைசோபியம் கலந்து விதைத்தும் முடிச்சில்லை.

பெரும்பாலும் அமிலம் சரியாகக் கழுவப்படவில்லை. கழுவிய நீர் நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்காத நிலை வரும்வரை அலசி, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். குளோரின் கலந்த குழாய் நீர் வேண்டாம், மழைநீர் எடுங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியால் விதையைப் பிசுபிசுப்பாக்கி, பொட்டலத்தில் சொன்ன அளவு ரைசோபியத்தைப் புரட்டி, கிறிஸ்துமஸ் தீவுப் பாறை பாஸ்பேட் தூளால் மேலே போர்த்துங்கள். சூப்பர் பாஸ்பேட் அமிலத்தன்மை உடையது, பாக்டீரியாவைக் கொல்லும். அன்றே விதைத்து, உடனே மண்ணால் மூடிவிடுங்கள். பூஞ்சைக்கொல்லி பூசிய சாயவிதையில் ரைசோபியம் கலப்பது வீண்.

பயற்றுக்கு யூரியா?

முடிச்சு சிவந்திருந்தால் தேவையில்லை.