எந்தூருங்க?
(வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நான் ஈரோடு மாவட்டத்து முகாம் ஒன்றில் 1997இல் பிறந்தவள். அம்மாவுக்குத் திருகோணமலை. அப்பா பிறந்தது மலையகத்துத் தோட்டத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனவர். இருவரும் 1990இல் வேறு வேறு படகுகளில் வந்து, ராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாமிலிருந்து இங்கே அனுப்பப்பட்டு, இங்கேதான் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்பா பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். நான் பி.காம். முடித்து ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறேன்.

அகதிகளைப் பற்றிய கதைகளைத் தேடித் தேடி வாசிப்பேன். திபெத்தியர், வியட்நாமியர், பாலஸ்தீனர், பர்மாவிலிருந்து நடந்தே வந்த நம்மவர்கள். எல்லாக் கதையிலும் இழந்துபோன ஊர் ஒன்று இருக்கிறது. எனக்கு இழக்கக்கூட ஒரு ஊர் இல்லை. இலங்கையை நான் பார்த்ததே கிடையாது.

ஒரு சிறுகதை எழுதினேன். அப்பா சாரத்தில் நின்று ஒரு புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். வீட்டுக்காரர் கீழே இருந்து, "எந்தூருங்க?" என்று கேட்கிறார். அப்பா, "பக்கந்தானுங்க" என்கிறார். அவ்வளவுதான் கதை. நடுவில் எங்கள் வீடும் அம்மாவும் வருகிறார்கள். ஓர் இதழுக்கு அனுப்பினேன். "நடை கலங்கலாக இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழா, கொங்குத் தமிழா என்று முடிவு செய்து திருத்தி அனுப்புங்கள்" என்று பதில் வந்தது.

எதை எடுப்பது? அம்மாவின் தமிழ் எனக்குப் பேச வராது. முயன்றால் அம்மாவே சிரித்துவிடுவார். கொங்குத் தமிழில் எழுதினால் என் வீட்டை நானே மறைப்பதுபோல் இருக்கிறது. கதையை இணைத்திருக்கிறேன். என் பெயரும் முகாமின் பெயரும் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கதையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை வாசகியாக, இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. எதையும் எடுக்க வேண்டாம், எதையும் விடவும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் ஏன் என்று சொல்லாவிட்டால் அது வெறும் ஆறுதலாகிவிடும். நீங்கள் ஆறுதல் கேட்டு எழுதவில்லை.

உங்கள் கதையில் இருப்பது இரண்டு தமிழ் என்று அந்த ஆசிரியர் நினைத்துவிட்டார். எண்ணிப் பார்த்தால் மூன்று. அம்மாவுடையது யாழ்ப்பாணத் தமிழே இல்லை, திருகோணமலைத் தமிழ். இலங்கைத் தமிழ் என்றாலே யாழ்ப்பாணம் என்று இங்கே நம்மில் பலர் நினைக்கிறோம். அது நம் அறியாமை. அப்பாவுடையது மலையகத் தமிழ். நம் ஊர்களிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்கள் கொண்டுபோய், நாலு தலைமுறை அங்கே புழங்கிய தமிழ். அம்மா 'கதைக்கிறார்', அப்பா 'பேசுகிறார்'. அம்மா 'ஓம்' என்கிற இடத்தில் அப்பா 'ஆமா' என்கிறார், வெளியே போனால் 'ஆமாங்க' என்கிறார். மூன்றாவது உங்களுடையது. பக்கத்து வீட்டு அக்காவை நீங்கள் "ஏனுங்க்கா" என்று கூப்பிடுகிற வரி வருகிறதே, அதை எழுதியவளுக்குக் கொங்குத் தமிழ் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இந்த மூன்றையும் ஒன்றாக்கினால் அந்த வீடு கதையிலிருந்து போய்விடும். அம்மா அப்பாவை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட, அவர் "என்ன புள்ள" என்று திரும்புகிறார். அவர்களுடைய இருபத்தைந்து வருடக் குடித்தனம் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. அதைத் திருத்தச் சொன்னவர் அந்த வரியில் ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியும் அப்படித்தான். அம்மா இடியப்பமும் சொதியும் செய்கிறார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "சந்தகையா?" என்கிறார். இல்லை என்று அம்மா விளக்குகிறார். சந்தகை வெந்த பிறகு பிழிவது, இடியப்பம் பிழிந்த பிறகு அவிப்பது. ஒரே அரிசி, கிட்டத்தட்ட அதே அச்சு, வரிசை மட்டும் மாறுகிறது. பிள்ளை இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறாள். இதை நீங்கள் ஒரு குறியீடாக்காமல், சாப்பாடாகவே விட்டிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். நான் ஈரோடு மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரி. "எந்தூருங்க?" என்பது இங்கே அன்பாகக் கேட்கிற கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரை, தண்ணி குடிக்க வாசலில் நின்றவரை, யாரையும் கேட்போம். ஆனால் அது ஊரோடு நிற்பதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஊரைச் சொன்னால் "அங்க யாரூடு?" வரும். வீட்டைச் சொன்னால் "எந்தக் கூட்டம்?" வரும், அதாவது எந்தக் குலம் என்று. கூட்டத்தைச் சொன்னால் கோயில் தெரியும், கோயில் தெரிந்தால் உறவுமுறை தெரியும், உறவு இல்லையென்றால் சாதி தெரியும். எந்தத் திண்ணையில் உட்காரலாம், எந்த டம்ளரில் தண்ணி என்பதையெல்லாம் இந்தக் கேள்வி முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அது முழுக்க முடிந்துவிட்டது என்று இந்த மண்ணில் பிறந்த என்னால் சொல்ல முடியாது. குலதெய்வக் கோயில் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிற ஒருவரிடம் இந்தக் கேள்வி போய் நிற்கும்போது என்ன ஆகிறது என்பதைக் கொங்கு எழுத்தாளர்கள் யாராலும் உள்ளிருந்து எழுத முடியாது. நாங்கள் கேட்கிற பக்கத்தில் நிற்பவர்கள்.

உங்கள் அப்பா முகாம் என்று சொல்லவில்லை. 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம்தான். இரண்டு பெயரையும் அவர் சொல்லவில்லை, வவுனியா என்றும் சொல்லவில்லை. "பக்கந்தானுங்க" என்கிறார். அந்தக் கடைசி 'ங்க' அவருடைய அப்பா பேசியதில்லை. அதைச் சாரத்தின் மேலே நின்று, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காதால் வாங்கிச் சேர்த்திருக்கிறார்.

இழக்கக்கூட ஊர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பிறந்த ஊர் பவானிசாகர் அணைக்குள் இருக்கிறது. 1948இல் வேலை தொடங்கி 1955இல் முடிந்த அணை. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. நான் சாப்பிட்டு வளர்ந்த சோறு அந்தத் தண்ணியில் விளைந்தது. தணாயக்கன் கோட்டையும் அதைச் சுற்றி இருந்தவர்களின் வாழ்வும் அந்தத் தண்ணிக்கு அடியில் போயின. பஞ்ச காலத்தில் நீர்மட்டம் வெகுவாக இறங்கினால் கோட்டைக்குள் இருந்த மாதவராயப் பெருமாள் கோயில் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். ஊரெல்லாம் மழை இல்லையே என்று புலம்பும்போது அம்மாயி மட்டும் ஒருநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு பவானிசாகர் பஸ் ஏறுவார். திரும்பி வந்து எதுவும் பேசமாட்டார். காலில் ஒட்டிய சேற்றைச் சாயந்திரம் வரை கழுவமாட்டார்.

என் துக்கத்தை உங்களுடையதுக்குப் பக்கத்தில் வைத்து அளப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல. அம்மாயியை யாரும் காகிதம் கேட்கவில்லை. ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டு இருந்தது, புது ஊரிலும் பழைய ஊர்ப் பெயரைச் சொல்லிப் பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடிந்தது. உங்களுக்கு அப்படி இல்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படும். நீங்கள் பிறந்தது 1997இல். 2019இல் வந்த திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடம் இல்லை. அம்மாயியைப் பற்றிச் சொன்னது வேறு காரணத்துக்காக. அவர் இழந்த ஊரை நானும் பார்த்ததில்லை. எனக்கு வந்து சேர்ந்தது அந்தச் சேற்றுக்கால் மட்டும்தான். அதை வைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். உங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்குள் மூன்று தமிழ்.

நீங்கள் வாசித்த கதைகளில் பெரும்பாலும் மொழியே எல்லைக்கோடாக இருக்கிறது. 'மொழிபெயர் தேயம்' என்றுதான் சங்கப் புலவர்களும் தூர தேசத்தைச் சொன்னார்கள். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி, ஆசனூர் தாண்டிக் கொள்ளேகால் போகிற வழியில், ஒடெயர்பாளையாவில் திபெத்தியக் குடியிருப்பு இருக்கிறது. 1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததைத் தொடர்ந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். வாசலைத் தாண்டினால் கன்னடம், உள்ளே வந்தால் திபெத்தியம். எங்கள் கொங்கு நாட்டுத் தறிக்கார ஊர்களிலும் பல வீடுகளில் நூற்றாண்டுகளாக அப்படித்தான்: தெருவில் தமிழ், அடுப்படியில் கன்னடமோ தெலுங்கோ. அந்த வீடுகளுக்கு ஒரு கதவு இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கதவு இல்லை. வெளியேயும் தமிழ், உள்ளேயும் தமிழ். மொழி மாறாத ஊருக்கு அகதியாக வருகிறவர் வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே பிடிபடுகிறார், 'சிலோன்காரங்களா?' என்று. நமக்குள் ஒரே மொழி என்று மேடையில் சொல்வது எளிது. உங்கள் அப்பா ஒவ்வொரு வேலையிடத்திலும் அதைக் காதால் சோதித்துப் பார்த்திருக்கிறார். இதை எழுத ஒரே தமிழ் போதாது. கலங்கல் என்று அவர்கள் சொன்னதுதான் உங்கள் கதை.

பென்சிலோடு வாசித்தபோது இரண்டு இடத்தில் கோடு போட்டேன்.

ஒன்று, கடைசிக்கு முந்தின பக்கத்தில் வரும் கடல். இரவு, அலை, படகு, குழந்தையின் வாயைப் பொத்துகிற தாய். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். அது நடக்காதது அல்ல, எத்தனையோ பேருக்கு நடந்தது. ஆனால் நீங்கள் அதை உங்கள் அம்மாவிடமிருந்து வாங்கவில்லை, மற்றக் கதைகளிலிருந்து வாங்கியிருக்கிறீர்கள். எழுத்தே அங்கே வேறாகிவிடுகிறது, அம்மாகூட அந்தப் பக்கத்தில் புத்தகத் தமிழ் பேசுகிறார். அகதிக் கதை என்றால் கடல் வந்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நீங்கள் பார்த்தது சாரம், பெயிண்ட் டப்பா, முகாமில் மாதாமாதம் அரசின் உதவிப் பணம் வாங்கக் கையெழுத்துப் போடும் நோட்டு.

இரண்டாவது கோடு வேறு மாதிரி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு ஓடிவிட்டீர்கள்: 'அப்பாவின் தாத்தா நாமக்கல் பக்கமிருந்து கண்டிச் சீமைக்குப் போனவராம்.' அந்த வரியைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

தங்கச்சி, உங்கள் அப்பா வயதையும் அவர் அப்பா வயதையும் கணக்கிட்டால் அந்தத் தாத்தா போனது 1920களாக இருக்கும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று வழி இருந்தது. தோட்டத்துக்குப் போகிற கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்தி வைக்க வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு முகாம் நடந்தது. அது மண்டபத்தில். அதே மண்டபம் முகாமில்தான் உங்கள் அப்பா 1990இல் வந்து இறங்கினார்.

நடுவில் நடந்ததையும் அப்பாவிடம் கேளுங்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று இரண்டு பிரதமர்கள் எண் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். கப்பலில் வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களில் பலர் நீலகிரித் தேயிலைக் காடுகளுக்கும் நம் பக்கத்து மில்களுக்கும் வந்தார்கள். போரால் 1984இல் கப்பல் நின்றது, அதோடு அந்த வழியும் நின்றது. கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியவர். படகில் வந்ததால் அகதி. அதே குடும்பம், அதே கடல். உங்கள் அப்பாவின் பெற்றோர் இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்களா? வீட்டில் ஏதாவது பழைய காகிதம் இருக்கிறதா? கதைக்காக மட்டும் கேட்கவில்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. அந்தக் காகிதம் இருந்தால் பத்திரமாக வையுங்கள், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

இப்போது கதையின் கடைசிக்கு வாருங்கள். சாரத்துக்குக் கீழே வீட்டுக்காரர் நிற்கிறார். எந்தூருங்க என்கிறார். அப்பா பிரஷ்ஷை எடுக்காமல், திரும்பாமல், பக்கந்தானுங்க என்கிறார். இதுவரை அது மழுப்பல் என்று நினைத்துத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், நானும் முதல் முறை அப்படித்தான் வாசித்தேன். ஆனால் ஈரோட்டிலிருந்து நாமக்கல் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

அதைச் சொல்லும்போது அவருக்குத் தன் தாத்தா ஊர் ஞாபகம் இருக்கிறதா, இல்லையா? அதை அவரிடமே கேட்டு முடிவு செய்துகொண்டு, கதையை எனக்கு அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா