ஆட்டுக்கு ஒரு மூடியா, ரெண்டு மூடியா?

கேள்வி: "கண்டரமாணிக்கம் பக்கம் எங்க ஊர். 11 வெள்ளாடு வச்சிருக்கேன். மழைக்கு அப்புறம் ரெண்டு ஆடு கழியுது. ஒண்ணுக்குத் தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது. ஆடு பிடிக்க வர்ற தரகர் ஒரு பூச்சி மருந்து பாட்டிலைக் குடுத்து, பெருசு சிறுசு பாக்காம எல்லாத்துக்கும் ஒரு மூடி, 10 மில்லி ஊத்துங்கங்கிறார். பக்கத்து வீட்டுல அப்படி ஊத்தி ஒரு குட்டி செத்துப் போச்சு. எவ்வளவுன்னு நானே கணக்குப் போட முடியுமா?"

முடியும் அம்மா. அதற்கு முன் அந்த மூடியைத் தூக்கி எறியுங்கள். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். இனி அதுதான் அளவு.

குடற்புழு மருந்து தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதல்ல, கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. அதனால் முதலில் எடை தெரிய வேண்டும். தையல்காரர் டேப் போதும். முன்காலை ஒட்டிப் பின்பக்கமாக நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளம். இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 24, நீளம் 22 என்றால் 19 கிலோ சொச்சம். குட்டிகளுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. சாக்கில் உட்காரவைத்துத் தொங்குதராசில் மாட்டிவிடுங்கள். பழைய பேப்பர் எடுக்க வருகிறவரிடமே இருக்கும்.

அடுத்தது பாட்டில். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது அல்பென்டசோலாக இருக்கலாம். ஆனால் பெயரை வாசிக்காமல் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம். அல்பென்டசோல் கடையில் 2.5 சதவீதத்திலும் கிடைக்கிறது, 10 சதவீதத்திலும் கிடைக்கிறது. இரண்டும் பார்க்கப் பால் மாதிரிதான். முதலாவதில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் மருந்து, இரண்டாவதில் 100. இந்த எண்ணைக் கடுகளவு ஆங்கில எழுத்தில் அச்சடித்துவிட்டு, ஆடு மேய்க்கிறவர் வாசித்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். பேரன் பேத்தி யாரிடமாவது காட்டி அந்த எண்ணை மட்டும் கேளுங்கள்.

செம்மறிக்கு வைக்கும் அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் நான் வெள்ளாட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வைக்கிறேன். 2.5 சதவீத பாட்டிலில் அது கிலோவுக்கு 0.4 மில்லி. 19 கிலோ ஆட்டுக்கு ஏழரை மில்லி, 9 கிலோ குட்டிக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் கூட. இப்போது தரகர் சொன்ன 10 மில்லியைப் பாருங்கள். குட்டிக்கு அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பாட்டில் 10 சதவீதமாக இருந்துவிட்டால் பதினோரு மடங்கு! 2.5 சதவீத பாட்டிலில் உங்கள் 38 கிலோ கிடாவுக்கு 15 மில்லி வேண்டும். 10 மில்லி ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் முதல் ஆட்டுக்கு வெறும் தண்ணீர், கடைசி ஆட்டுக்கு மொத்த மருந்தும் போகும். புகட்டும்போது தலையை அண்ணாந்து தூக்கக் கூடாது. கடைவாயில் சிரிஞ்சை வைத்து மெதுவாக விடுங்கள். நுரையீரலில் இறங்கினால் புழுவுக்கு முன்னால் ஆடு போய்விடும்.

தரகர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சில வருடங்களுக்கு முன் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மூன்று குட்டிகள் திண்ணைச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றன. கண்மணி அகல விரிந்திருந்தது. டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. யாரோ ஒரு ஆள் குளோசன்டெல் என்ற மருந்தைப் பெரிய ஆட்டின் அளவில் குட்டிகளுக்கும் ஊற்றிவிட்டுப் போயிருந்தார். அந்த மருந்து மிஞ்சினால் கண் நரம்பைத் தாக்கும். பார்வை திரும்பவில்லை. அதே ஆள் மறுவாரம் வந்து, "குருட்டுக் குட்டிய யாரு வாங்குவா?" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டாராம். இலவசமாக மருந்து கொடுக்கிறவர் எதை வாங்க வந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சினை ஆடுகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் அல்பென்டசோல் கொடுக்கக் கூடாது. கரு கலையலாம், குட்டி ஊனமாகப் பிறக்கலாம். "எங்க ஆட்டுக்கு வயிறே இல்லையே" என்பார்கள். ஒன்றரை மாதத்தில் வயிறு எங்கே தெரியும்? கிடா பட்டியோடு சேர்ந்தே மேய்கிறதா, உங்கள் பெட்டை ஆடுகள் எல்லாம் சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு வந்ததா இல்லையா என்று தெரியாத கிடேரிக் குட்டியையும் அந்தக் கணக்கில் சேருங்கள். பக்கத்து வீட்டுக் கிடா வேலி தாண்டி வந்திருந்தாலும் இதே கதைதான். அவற்றுக்கெல்லாம் அல்பென்டசோல் வேண்டாம். பென்பென்டசோல் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சினைக்கு அது பாதுகாப்பானது.

தாடையில் பை தொங்கும் ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தால் பெரும்பாலும் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருக்கும். அதைத் துரத்திப் பிடிக்காதீர்கள், மேய்ச்சலுக்கும் விடாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு போன் பண்ணுங்கள். ஊரணிக் கரையில் மேய்கிற ஆடு என்றால் ஈரல் புழுவாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தே வேறாகலாம்.

எந்தப் புழு என்று கண்டுபிடிக்கக் காலையில் விழுந்த புழுக்கையை, கழிகிற ஆடுகளிடமிருந்து தனித்தனிப் பையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மைக்ராஸ்கோப் இருக்கும், பார்க்க ஆள் இருக்க மாட்டார். ஆள் இருக்கிற அன்றைக்கு முகாமுக்குப் போயிருப்பார். முகாமில் எல்லாருக்கும் ஒரே பாட்டில். இதைப் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. நீங்கள் விடாதீர்கள். "பாத்துட்டுச் சொல்லுங்க சார், நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள். தரகர் கொடுத்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.