ஐந்து ஆறு தாண்டினால் அம்மா வீடு

கேள்வி: எனக்கு 39 வயது. சென்னையில் தணிக்கை வேலை. மாதம் ஒருமுறை இரண்டு நாள் வேலையாகத் தஞ்சாவூர் வருகிறேன். தங்கும் ஹோட்டலில் காலையில் மொட்டைமாடியில் யோகா உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பாவில் ஒரு மணி நேரம் எண்ணெய் மசாஜ், பிறகு நீராவி. பிபி மாத்திரை சாப்பிடும் எனக்கு அந்த ஒரு மணி நேரம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதே பெரிய நிம்மதி. என் சம்பளத்தில்தான் செலவு செய்கிறேன். ஆனால் கணவர் வீண் செலவு என்கிறார். மாமியார் முகத்தைச் சுளிக்கிறார். நம் ஊர்ப் பெண்களுக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளவே தெரிவதில்லை. சனிக்கிழமை திருவையாற்றில் தனியாக இருக்கும் அம்மாவையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஹோட்டலில் தங்கியது தெரிந்தால் வருத்தப்படுவார் என்று, அன்று காலை உழவன் எக்ஸ்பிரஸில் வந்ததாகச் சொல்லிவிடுவேன். அவர் வெந்நீர் போட்டு வைத்திருப்பார் என்பதால் குளிக்காமல் போவேன். என்னை நானே கவனித்துக்கொள்வது தப்பா?

- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தப்பில்லை. உங்கள் சம்பளம், உங்கள் உடம்பு. ஸ்பா, யோகா மாதிரியான சேவைகளுக்கு வரிகூட 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. கணவரிடம் பில்லைக் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். மாமியாரின் முகச்சுளிப்பை நான் விசாரிக்கப் போவதில்லை. வருஷக்கணக்காக இந்த மாதிரிக் கடிதங்களைப் படிக்கிறேன். கேட்பது ஒன்றாக இருக்கும், உள்ளே உறுத்துவது வேறொன்றாக இருக்கும்.

‘குளிக்காமல் போவேன்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராத்திரி ரயிலில் மகள் உட்கார்ந்தபடியே வருகிறாள் என்று நம்பி, விடியுமுன்னே எழுந்து, கொல்லையில் அடுப்பைப் பற்றவைத்து, அண்டாவில் தண்ணீர் காயவைக்கிறார் ஒரு அம்மா. நீங்களோ ஹோட்டல் மெத்தையில் நன்றாகத் தூங்கி எழுந்து, குளியலறைக் குழாயைத் திறக்காமல், நேற்றைய எண்ணெய்த் தலையோடு போய் அந்த மணையில் உட்காருகிறீர்கள். அவர் சீயக்காய் தேய்த்து விடுகிறார். பிறந்த நாளிலிருந்து அவர் கை அறிந்த தலை அது. ரயிலில் வந்த தலையில் புழுதி இருக்கும், பெட்டியின் வாடை இருக்கும். உங்கள் தலையில் ஸ்பா எண்ணெயின் வாசனை இருக்கும். அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? முதல் மாதமே தெரிந்திருக்கும். கேட்டால் அடுத்த மாதம் இந்த ஒரு நாளும் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு வெந்நீர் ஊற்றுகிறார்.

அம்மா வருத்தப்படுவார் என்பதற்காகச் சொன்ன பொய் இல்லை இது. உங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். உங்கள் கடிதத்திலேயே காரணமும் இருக்கிறது: யாரும் பேச்சுக் கொடுக்காததே நிம்மதி. ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்தால் அவர் பேசுவார். அப்பாவின் கடைசி நாட்களை, டாக்டர் சொன்னதை, யார் வந்தார், யார் வரவில்லை என்பதை, போன மாதம் சொன்னதையே மறுபடியும் சொல்வார். அதைக் கேட்கத்தான் உங்களுக்குத் தெம்பில்லை. எனக்குப் புரிகிறது, அவர் உங்களுக்கும் அப்பா. ஆனால் அந்த வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்கச் சுவர்தான் இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. டவுன் பஸ்ஸே முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் தாண்டிவிடும். பெற்றவள் இவ்வளவு பக்கத்தில் தனியாகப் படுத்திருக்க, பிள்ளை அறை எடுத்துத் தங்குவது எனக்குச் சம்மதமில்லை. பழைய காலத்து மனுஷி என்று சொல்லுங்கள், பரவாயில்லை. இதையே ஒரு மகன் எழுதியிருந்தால் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பேன்.

அப்புறம், நம் ஊர்ப் பெண்களுக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. எந்த மண்ணில் நின்று பேசுகிறீர்கள்? திருமூலர் யோகத்தில் அமர்ந்த இடமென்று சொல்லப்படும் திருவாவடுதுறை இதே காவிரிக்கரையில் இருக்கிறது. பதஞ்சலியைத் தில்லையில் ஆடலரசன் பக்கத்திலேயே வைத்துக் கும்பிடுகிறோம். நீங்கள் தங்கும் தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்று மருத்துவத்துக்கே ஓர் இடம் வைத்து நாட்டு வைத்தியத்தையும் ஐரோப்பிய வைத்தியத்தையும் சேர்த்துச் சோதித்துப் பார்த்தவர். ஐ.நா.வின் யோகா தினம் 2015-ல்தான் தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் வைத்துக் குளித்த பெண்கள் அதற்கு முன்பே இங்கே இருந்தார்கள். உங்கள் தலையில் முதல் எண்ணெயை வைத்தவரும் அவர்களில் ஒருவர்தான்.

ஸ்பாவை விடச் சொல்லவில்லை. சிரோதாராவில் நெற்றியில் மெல்லிய தாரையாக எண்ணெய் விழும்போது வரும் அமைதி நிஜமானதுதான், எனக்கும் தெரியும். ஆனால் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் சூடான நீராவியில் உட்காரலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள், ஸ்பாவிலும் உள்ளே போகுமுன் சொல்லுங்கள். யோகா சொல்லித்தருகிறவரிடமும் மறைக்காதீர்கள். சிரசாசனம் மாதிரி தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் பிபி உள்ளவர்களுக்கு ஆகாது.

அடுத்த மாதம் வியாழக்கிழமை ராத்திரிக்கு மட்டும் அறை போடுங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். வீட்டுக்குள் போனதும் முதலில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: இத்தனை மாதமும் ஹோட்டலில்தான் தங்கினேன், பொய் சொன்னேன் அம்மா. அழுதால் அழட்டும். நீங்களும் அழுங்கள்.

சனிக்கிழமை காலை அண்டாவுக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். அம்மாவை மணையில் உட்காரவைத்து, எண்ணெயை இளஞ்சூடாக்கி உச்சந்தலையில் வைத்து, முழங்காலுக்கும் பாதத்துக்கும் நீங்களே தேய்த்துவிடுங்கள். ஈரத்தரையில் வழுக்கும், கையைப் பிடித்து எழுப்புங்கள். மிளகு ரசம் வைத்துச் சாதம் போடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கண் சொக்கும், ஆனால் அன்று பகலில் தூங்கக் கூடாது என்பார்கள். அம்மாவைத் தூங்கவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி நீங்களே ஆரம்பியுங்கள்.