மேடைக்குப் பின்னால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் ஒரு கன்ட்ரி இசைக் (அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த இசை) கச்சேரிக்குப் போனேன். முடிந்தபின் குழுவினரைச் சந்திக்கக் கூடுதல் பணம் கட்டி டிக்கெட் வாங்கியிருந்தேன். வரிசையில் நாற்பது நிமிடம் நின்றேன். ஒரு கைகுலுக்கல், ஒரு புகைப்படம். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. சொல்ல நினைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. பாட்டில் கிடைத்த நிறைவும் அங்கேயே கரைந்துவிட்டது. கலைஞர்களை அருகில் போய்ப் பார்க்கவே கூடாதோ?

ஆர்., அட்லாண்டா

அன்புள்ள ஆர்.,

பார்க்கலாம். கன்ட்ரி இசையில் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே அதிக தூரம் இருந்ததில்லை. கிராண்ட் ஓலே ஓப்ரி வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் நடந்தது. 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டப்பட்ட இடம் அது. கேட்பவர்களுக்கு மர பெஞ்சுகள் உண்டு. பாடுபவர்களுக்கு அப்போது சரியான ஒப்பனை அறைகூடக் கிடையாது. பாடி முடித்தவர்கள் பின்பக்கத்துக் குறுகலான தெருவைத் தாண்டி டூட்ஸீஸ் மதுக்கடையில் போய் உட்கார்வார்கள். 1972-இல் தொடங்கிய ஃபேன் ஃபேர் விழாவோ ரசிகர்களும் கலைஞர்களும் சந்திப்பதற்கென்றே ஏற்பட்டது. 1996-இல் அங்கே கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ் 23 மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த மரபில் வந்த இசையில் சந்திப்பு அரை நிமிடமாக அளந்து விற்கப்படுவதில் எனக்கும் வருத்தம் உண்டு.

சில வருடங்களுக்கு முன் டென்னசியில் ஒரு சிறிய அரங்கில் கச்சேரி முடிந்ததும் நண்பர் என்னை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். பாடகரைச் சுற்றிக் கூட்டம். நான் பெடல் ஸ்டீல் கிதார் (மேசைபோல் கால்களில் நிற்கும் கிதார்) வாசித்தவரிடம் போனேன். அன்று மாலை முழுவதும் என் காது அவரிடம்தான் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அந்த வாத்தியம் வழுக்கிப் போகும்போது கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது தானாக நிமிர்ந்துவிடும்.

அவர் வாத்தியத்தின் கால்களைக் கழற்றக் குனிந்திருந்தார். “கடைசிப் பாட்டில் அழுவதுபோல ஓர் இடம் வந்ததே, அது எப்படி?” என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி உட்கார்ந்து விரல்களில் தந்தி மீட்டும் நகங்களை மாட்டிக்கொண்டார். ஒலிபெருக்கி இல்லாததால் கொசுவின் ரீங்காரம் போல மெல்லிய ஒலி. காலால் ஒரு பெடலை மிதித்தார். பத்துத் தந்திகளில் சில மட்டும் மேலேறின, மற்றவை அசையாமல் நின்றன. முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினார். வேறொரு தந்தி இறங்கியது. பிறகு தந்திமேல் உருட்டும் எஃகுத் துண்டை என் கையில் கொடுத்தார். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, அவருடைய கைச்சூட்டோடு. கால் மணி நேரம் பேசினோம். புகைப்படம் எடுக்கும் நினைவே வரவில்லை.

நீங்களும் பாராட்டைத் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். எல்லோரும் சொல்லும் சொல்தான் வாயில் வரும், அல்லது எதுவுமே வராது. கேட்ட ஓரிடத்தைப் பற்றிக் கேள்வியோடு போங்கள். ஃபிடில்காரரிடம் போங்கள், டிரம்ஸ் வாசிப்பவரிடம் போங்கள். அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அட்லாண்டாவிலிருந்து நாஷ்வில் காரில் நான்கு மணி நேரம்தானே? பிராட்வே தெருவில் பகலிலேயே குழுக்கள் வாசிக்கத் தொடங்கிவிடும். அங்குள்ள பல மதுக்கடைகளில் பகலில் நுழைவுக்கட்டணம் கிடையாது. கேட்பவர்கள் போடும் பணம்தான் குழுக்களுக்குப் பெரும்பகுதி வருமானம். குழுவில் ஒருவரே வாளியை ஏந்திக்கொண்டு மேசை மேசையாக வருவார். தாராளமாகப் போடுங்கள். போட்டுவிட்டு, பாட்டில் உங்கள் மனதில் நின்ற அந்த இடத்தைப் பற்றிக் கேளுங்கள்.