செங்கல்லுக்குக் காது கிடையாது: கார் ஏசி கேள்வி பதில்

கேள்வி: கார் ஏசியைச் சோதிக்க இன்ஜின் வேகத்தை 1500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1500 சுற்று) நிலையாக வைத்து, ஏசி கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் தனி ஆள். ஆக்சிலேட்டர் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு முன்னால் வந்து குனிந்தேன், இரண்டே நிமிடத்தில் இன்ஜின் அலற ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் சாவியைத் திருப்பினேன். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. முதலில் அந்தச் செங்கல்லை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

செங்கல் சரிந்துதான் இப்படி ஆகியிருக்க வேண்டும் என்றில்லை. கேஸை அழுத்தும் ஏசி கம்ப்ரஸர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுகிறது, அதை இழுப்பது இன்ஜினுக்கு ஒரு சுமை. பெடல் அசையாமல் நிற்க, கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் விட்டுவிட்டால் அந்தச் சுமை இறங்கி ரேஸ் தானாக ஏறும், கிளட்ச் பிடித்ததும் இறங்கும். குளிர்ந்த இன்ஜினில் ஆரம்பித்திருந்தால் சூடாக ஆக ரேஸ் மாறவும் கூடும். மனிதக் கால் சத்தம் மாறியதுமே தளர்ந்துகொடுக்கும். செங்கல்லுக்குக் காது கிடையாது.

அதனால் என் முதல் சிபாரிசு, சீட்டில் ஒரு ஆள். அவர் கார் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும், ஆர்பிஎம் முள்ளை மட்டும் பார்க்க வேண்டும், நீங்கள் கை காட்டினால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். பயத்தில் பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக மிதித்தால் பல புதிய கார்களில் கம்ப்யூட்டரே ரேஸைக் குறைத்துவிடும், நீங்கள் கேஜைப் பார்த்துக் குழம்புவீர்கள். கார் நகராமல் இருக்க ஹேண்ட் பிரேக், நியூட்ரல் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்), சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. மூன்றும் வேண்டும், ஒன்று போதாது.

ஆளே கிடைக்கவில்லை என்றால், சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுக்கிற, திருகித் திருகி நீளத்தைக் கூட்டக்கூடிய கம்பி விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி 1500க்குக் கொண்டுவந்து, ஒரு நிமிடம் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு அப்புறம்தான் முன்னால் போக வேண்டும். ஒரே தட்டில் கழன்று வராத எதையும் பெடலில் வைக்காதீர்கள், தரை மிதியடி பெடலுக்கு அடியில் மடிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை. பானட்டைத் திறந்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைக் கையால் தள்ளுவது பழைய கேபிள் வண்டிக்காரர்கள் பழக்கம். எலக்ட்ரானிக் திராட்டிலில் அதைச் செய்தால் தகடு சட்டென்று மூடி விரலை நசுக்கலாம், எச்சரிக்கை விளக்கும் எரிந்துவிடும்.

இன்னொன்று. பத்து நிமிடம் இன்ஜின் ஓடப்போகிறது, மூடிய ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தலை சுற்றும்போதுதான் தெரியும். காய்ந்த புல் மேலும் நிறுத்தாதீர்கள், சைலன்சர் பக்கம் சூடு அதிகம். ரேடியேட்டர் மின்விசிறி சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும், எனவே தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் கிட்டே போகக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஏசி கேஸ் ஏற்றும் டின் மாட்டியிருந்தால், இன்ஜின் ஓடும்போது கேஜின் ஹை சைடு (அழுத்தம் அதிகமுள்ள பக்கம்) வால்வைத் திறக்காதீர்கள், அந்த அழுத்தம் டின்னுக்குள் பாய்ந்தால் அது வெடிக்கும். ஹை சைடு முள் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் யோசிக்காமல் இன்ஜினை அணையுங்கள்.

கேள்வி: 1500இல் நன்றாகக் குளிர்கிறது, ஐடிலில் (ரேஸ் கொடுக்காமல்) விட்டால் காற்று வெதுவெதுப்பாகிவிடுகிறது. கேஸ் குறைவா?

பதில்: இருக்கலாம், ஆனால் கேஸ் ஏற்ற ஓடுவதற்கு முன், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறியைப் பாருங்கள். ஐடிலில் நிற்கும் காருக்கு எதிர்க்காற்று கிடையாது, விசிறி மட்டும்தான் துணை. கண்டென்சர் மேல் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். ஹை சைடு அழுத்தம் இறங்கி உள்ளே குளிரும் கூடினால் குறை காற்றோட்டத்தில், அதாவது விசிறியிலோ கண்டென்சரில் அடைந்த தூசியிலோ. அதற்குப் பதிலாக லோ சைடு (அழுத்தம் குறைந்த பக்கம்) அதிகமாகவும் ஹை சைடு குறைவாகவும் நின்று, ரேஸ் கொடுத்ததும் இரண்டும் விலகினால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஐடிலில் ஒரு தடவை, 1500இல் ஒரு தடவை என்று இரண்டையும் எழுதி வைக்கச் சொல்வது இதற்குத்தான்.

கேள்வி: எலக்ட்ரிக் காருக்கும் இதே முறையா?

பதில்: அதில் ரேஸ் கொடுக்க இன்ஜினே இல்லையே! கம்ப்ரஸர் தனி மோட்டாரில், உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. பல ஹைபிரிட் கார்களிலும் அப்படித்தான். ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் கையை எடுத்துவிட்டு, அதற்கென்று பயிற்சி எடுத்தவரிடம் கொடுங்கள்.