பைலட் பயிற்சியை இரண்டு நாட்டில் பிரித்துப் படிக்கலாமா?

அண்ணாச்சி, மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கான (சம்பளம் வாங்காமல் பறக்க மட்டும் அனுமதி தரும் முதல் லைசென்ஸ்) பயிற்சியில் முதல் பதினைந்து மணி நேரத்தைத் திருவனந்தபுரத்தில் பறந்துவிட்டு, மீதியை அமெரிக்காவில் சித்தப்பா வீட்டில் தங்கி முடித்தால் செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குலசேகரத்து ரப்பர் தோட்டத்தை ஈடு வைத்துப் போடப்போகும் பணம் இது. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

பயிற்சியைப் பிரிக்கலாம். ஆனால் பிரைவேட் லைசென்ஸின் நடுவில் பிரிக்காதீர்கள்.

அமெரிக்காவில் பயிற்சிப் பள்ளிகள் அந்நாட்டு விமான விதிகளின் இரண்டு பகுதிகளின்கீழ் நடக்கின்றன: பகுதி 61, பகுதி 141. பிரைவேட் லைசென்ஸுக்கு 61-இல் குறைந்தது 40 மணி நேரம், 141-இல் 35 மணி நேரம் பறக்கவேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு விசா படிவம் தருபவை பெரும்பாலும் 141 வகைப் பள்ளிகள்தான். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. வேறு இடத்தில் பறந்துவிட்டு வருபவரின் பழைய பயிற்சியில், அந்தப் படிப்பின் கால் பங்குவரைக்கும்தான் 141 பள்ளி வரவு வைக்கலாம். இன்னொரு 141 பள்ளியிலிருந்து வந்தவருக்கு மட்டும் பாதிவரை உண்டு. 35-இல் கால் பங்கு ஒன்பது மணி நேரம்கூட வராது. திருவனந்தபுரத்துப் பதினைந்தில் ஆறு மணி நேரத்துக்கும் அதிகமாக அந்தப் படிப்புக்குக் கணக்கில் வராமல் வீணாகும். லாக்புக்கில் (பறந்த நேரத்தை எழுதும் பதிவுப் புத்தகம்) அவை இருக்கும், பின்னால் கமர்ஷியல் லைசென்ஸுக்கான (சம்பளத்துக்குப் பறக்க வேண்டியது) மொத்தக் கணக்கில் சேரும். ஆனால் பிரைவேட் லைசென்ஸுக்கு மறுபடியும் காசு கட்டித்தான் பறக்கவேண்டும்.

கட்டணப் பட்டியலில் தெரியாத இன்னொரு செலவும் இருக்கிறது. புதுப் பள்ளியில் புது ஆசிரியர், தானே கூட உட்கார்ந்து பார்த்துத் திருப்தியானால்தான் சோலோவுக்கு, அதாவது மாணவி தனியாகப் பறப்பதற்குக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தும் 90 நாளுக்குத்தான் செல்லும். இங்கே செஸ்னா 152 என்ற சிறு பயிற்சி விமானத்தில் பழகிய பெண்ணுக்கு அங்கே செஸ்னா 172 என்ற வேறு மாடல் கொடுத்தால் அதற்குத் தனியாகச் சில மணி நேரம் போகும். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் காற்றழுத்தத்தை இங்கே 1013 என்று ஹெக்டோபாஸ்கலில் வைத்துப் பழகியவள் அங்கே 29.92 என்று பாதரச அங்குலத்தில் வைக்கவேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத சிறு விமானத்தளங்களில் தன் இடத்தைத் தானே ரேடியோவில் அறிவிக்கவேண்டும். படிப்பது கஷ்டமில்லை. ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது படிக்கிறாள், மீட்டரும் ஓடும்.

விசாவையும் பாருங்கள். எம்-1 என்ற தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் போனவர், தன் கையில் இல்லாத காரணம் ஏதும் இருந்தாலொழிய, ஆறு மாதத்துக்குப் பிறகு பள்ளி மாற முடியாது. அதனால் சித்தப்பா வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சரி, எங்கே பிரிப்பது? தியரியையும் பறப்பதையும் பிரியுங்கள். நாகர்கோவிலில் வீட்டில் இருந்தபடியே இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் நேவிகேஷன், மெட்டீராலஜி, ரெகுலேஷன்ஸ் தாள்களுக்குப் படித்து எழுதட்டும். வெளிநாட்டு லைசென்ஸோடு திரும்பி வந்தாலும் இங்கே கமர்ஷியல் லைசென்ஸ் எடுக்க இந்தத் தேர்வுகள் வேண்டும். முதலில் எழுதி வைப்பதே நல்லது. அதற்கும் முன்னால் மெடிக்கல். பிரைவேட் லைசென்ஸுக்கான கிளாஸ் 2 பரிசோதனை முடிந்ததும் கமர்ஷியலுக்கான கிளாஸ் 1-ஐயும் எடுத்துவிடுங்கள். நிறப்பார்வையிலோ காதிலோ ஏதாவது இருந்தால் அது தோட்டத்தின் பத்திரம் வங்கிக்குப் போகும் முன்பே தெரியவேண்டும்.

இரண்டாவதாகப் பிரிக்கத் தகுந்த இடம், பிரைவேட் லைசென்ஸ் கைக்கு வந்தபிறகு. லைசென்ஸ் என்பது முடிந்த காரியம், அதை யாரும் கால் பங்கு என்று வெட்டமாட்டார்கள். கமர்ஷியலுக்கு இந்தியாவில் 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் அவளே பொறுப்பு விமானியாகப் பறந்ததாக இருக்கவேண்டும். பள்ளி மாறி மாறி ஆசிரியரோடு பறந்த நேரம் கூடிக்கொண்டே போனால் அந்த நூறு நிறையாது, மொத்தம் மட்டும் 200-ஐத் தாண்டும்.

திருவனந்தபுரத்திலேயே பிரைவேட் முடிப்பதென்றால் ஜனவரியில் தொடங்கப் பாருங்கள். நம் பக்கம் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மூன்று வாரம் பறக்காமல் இருந்தால் தரையிறங்கும் கை போய்விடும், முந்தின பாடத்தை மறுபடி பறக்கவேண்டிவரும்.

எங்கே பறந்தாலும் லாக்புக்கை அவளே அன்றன்று எழுதட்டும்: தேதி, விமானத்தின் பதிவு எண், எங்கிருந்து எங்கே, டூயலா (ஆசிரியரோடு) சோலோவா, நேரம், பக்கத்திலேயே ஆசிரியரின் கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும். பள்ளியை விட்டுக் கிளம்பும் நாளில் முத்திரையோடு சான்றிதழும் பயிற்சிப் பதிவேட்டின் நகலும் வாங்காமல் வெளியே வரவேண்டாம். பின்னால் கண்டம் தாண்டி மெயில் அனுப்பிக் கேட்டால் பதில் வர மாதக்கணக்காகும், அதற்குள் அந்த ஆசிரியர் ஏதாவது ஏர்லைனுக்குப் போயிருப்பார். முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கும் பள்ளி எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பத்து மணி நேரமாகக் கட்டுங்கள்.

மெடிக்கல் முடிவு வந்ததும் அதைக் கொண்டு வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. சித்தப்பா சொன்ன பள்ளி 61-ஆ 141-ஆ என்பதையும், நம் பதினைந்து மணி நேரத்தில் எவ்வளவு வரவு வைப்பார்கள் என்பதையும் அந்தப் பள்ளியிடம் எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள்.