தியரி டெஸ்ட்: ஓட்டத் தெரிந்தவர் ஹசார்ட்டில் விழுவது ஏன்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் கார் ஓட்டினேன். லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடம். போன கிழமை லைசென்ஸுக்கான தியரி டெஸ்ட் செய்தேன். கேள்விப் பகுதியில் 50க்கு 45, வீதி ஆபத்தைக் கண்டதும் மவுஸை அழுத்தும் ஹசார்ட் வீடியோவில் 75க்கு 37. பெயில். ஸ்டியரிங்கே பிடிக்காத மருமகன் 58 எடுத்துப் பாஸ். எங்கே பிழை விடுகிறேன்? தமிழில் கேட்டுச் செய்ய வழி உண்டா?

பதில்: கேள்விப் பகுதியில் 43 எடுத்தாலே போதும், அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஹசார்ட்டில் 44 வேண்டும். இரண்டையும் ஒரே அமர்வில் பாஸ் பண்ண வேண்டும் என்பதால் அந்த 45 அடுத்த முறைக்கு வராது. இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும், 23 பவுணும் திரும்பக் கட்ட வேண்டும்.

ஹசார்ட்டில் நீங்கள் விழுந்ததற்குப் பெரும்பாலும் காரணம் அனுபவம்தான். மொத்தம் 14 வீடியோ. பதின்மூன்றில் தலா ஒரு ஆபத்து, ஒன்றில் மட்டும் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 புள்ளி. ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் ஒரு நேரச் சாளரம் திறக்கிறது. திறந்தவுடன் அழுத்தினால் 5, தாமதிக்கத் தாமதிக்க 4, 3, 2, 1 என்று இறங்கும். திறப்பதற்கு முன் அழுத்தினால் பூச்சியம். பழகிய கண் ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடும். விரல் ஒரு தரம் அழுத்தும், பிறகு ஓய்ந்துவிடும். கம்ப்யூட்டருக்கோ அந்த ஆபத்து இன்னும் பிறக்கவேயில்லை.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன, நடுவில் ஒரு வெள்ளை வான். நிற்கும் வான் வெறும் வாய்ப்புத்தான். அதன் வலப்பக்க இண்டிகேட்டர் மின்னுகிறது: அழுத்துங்கள். முன்சில்லு வீதிப்பக்கம் திரும்புகிறது: மறுபடி அழுத்துங்கள். மூக்கு வெளியே வந்து, நீங்கள் பிரேக் பிடித்தே ஆகவேண்டும் என்ற நிலை: மூன்றாவது தரம். முதல் அழுத்தம் சாளரத்துக்கு முன் விழுந்தாலும் இரண்டாவது உள்ளே விழுந்துவிடும். கூடுதல் அழுத்தத்துக்குப் புள்ளி வெட்டமாட்டார்கள். ஆனால் தாளம் போடுவதுபோல் ஒரே சீராகவோ விடாமலோ தட்டினால் அந்த வீடியோவுக்கு முழுப் பூச்சியம். உங்கள் வேகத்தையோ திசையையோ மாற்றவைக்கும் விஷயமா என்பதே அளவுகோல். நடைபாதையில் சும்மா போகிறவர் ஆபத்தல்ல; வீதி ஓரம் வந்து காலை இறக்குகிறவர்தான் ஆபத்து. ஹசார்ட் வீடியோவைத் திரும்பப் பார்க்க முடியாது என்பதால், தொடங்கும் முன் தரும் மூன்று நிமிட இடைவேளையை விட்டுவிடாமல் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

தமிழ் ஒலி முன்பு இருந்தது. 2014 ஏப்ரலில் மற்ற வெளிநாட்டு மொழிகளோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆங்கிலத்தில் கேள்வியை வாசித்துக் காட்டும் ஒலியை, டெஸ்டுக்குப் பதியும்போதே கேட்டு வாங்கலாம். வாசிப்பில் தடுமாறுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. மற்றபடி, சறுக்கவைக்கும் சில சொற்களைத் தனியாகப் படித்துவையுங்கள். ‘டெயில்கேட்டிங்’ என்றால் முன்னால் போகிறவரின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவது. ‘ஹார்ட் ஷோல்டர்’ மோட்டார்வே ஓரத்தில் அவசரத்துக்கு ஒதுங்கும் பாதை. ‘கோஸ்டிங்’ என்பது நியூட்ரலில் விட்டோ கிளச்சை மிதித்தபடியோ வண்டியை உருளவிடுவது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நம்மவர்கள் செய்வதேதான்! எஞ்சின் தரும் பிரேக் போய்விடுவதால் இங்கே அது பிழையான பதில். ஹைவே கோட் என்ற வீதி விதிப் புத்தகத்தில் ‘மஸ்ட்’ என்று வந்தால் சட்டம், ‘ஷுட்’ என்று வந்தால் அறிவுரை.

நிறுத்தும் தூரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மணிக்கு 20 மைல் என்றால் 2ஆல் பெருக்குங்கள், 30க்கு 2.5, 40க்கு 3. இப்படி அரை அரையாகக் கூட்டி 70க்கு 4.5. விடை அடியில் வரும். 30 மைலில் 75 அடி, அதாவது 23 மீற்றர். 70 மைலில் 315 அடி, 96 மீற்றர். இது காய்ந்த வீதிக் கணக்கு. மழையில் குறைந்தது இரட்டிப்பு, பனிக்கட்டியில் பத்து மடங்கு வரை.

கிலோமீற்றரில் பழகியவர்கள் இன்னோர் இடத்திலும் தவறுவார்கள். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு என்றால் ‘எவ்வளவு வேகமும் போகலாம்’ என்று நினைக்கிறார்கள். அது தேசிய வேக எல்லை: நடுவே பிரிக்காத வீதியில் காருக்கு 60 மைல், பிரித்த வீதியில் 70. சந்தியில் நீங்கள் திரும்பப்போகும் வீதியைக் கடக்கக் காத்திருக்கும் பாதசாரிக்கு வழிவிட வேண்டும் என்பது 2022 ஜனவரியில் வந்த மாற்றம். பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தால் இது இருக்காது.

57 நிமிடத்தில் 50 கேள்வி என்பது தாராளம். சந்தேகமானதைக் கொடியிட்டுவிட்டுப் போய், கடைசியில் திரும்பி வாருங்கள். மூன்று கேள்விகள் ஒரு சிறு வீடியோவை ஒட்டி வரும்; அதை எத்தனை தரமும் பார்க்கலாம்.

அடுத்த டெஸ்டுக்குக் குறைந்தது மூன்று வேலைநாள் இடைவெளி வேண்டும். அரசின் தளத்திலேயே பதியுங்கள், இடைத்தரகர் தளங்கள் கூடுதல் காசு பிடுங்கும். புரொவிஷனல் அட்டையை (பழகுநர் லைசென்ஸை) மறந்து போனால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய காசும் போகும். பாஸ் ஆனால் சான்று இரண்டு வருடம் செல்லும், நீட்டித்துத் தரமாட்டார்கள். ஓட்டும் டெஸ்டுக்குத் திகதி கிடைப்பது சிரமம் என்பதால் பாஸான அன்றே அதற்குப் பதிந்துவிடுங்கள்.